கொட்டை போட்டு மரம் வளர்க்கலாமா? வீட்டுத் தோட்டக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

திண்டுக்கல் பக்கம் பத்து சென்ட் இடத்தில், செம்மண் நிலத்தில், பதினெட்டு வருடமாகப் பழமரங்கள் வைத்திருக்கிறோம். பாதி ஒட்டுக்கன்று, பாதி நாங்களே விதை போட்டு எழுப்பியவை. வீட்டுக்கு வருகிறவர்களும் தெருவில் பார்க்கிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். சமவெளித் தமிழ்நாட்டை மனத்தில் வைத்து எழுதியது. மலைப்பகுதி வேறுபடும் இடத்தில் சொல்லியிருக்கிறேன்.

விதை போட்டு முளைத்த மரம் காய்க்காது என்கிறார்களே, உண்மையா?

உண்மையில்லை. காய்க்கும். ஒட்டு மரத்தைவிடத் தாமதமாகக் காய்க்கும், அவ்வளவுதான். நம் பாட்டன் பூட்டன் காலத்து மாந்தோப்புகளில் நின்ற நாட்டு மாமரங்கள் எல்லாம் கொட்டையிலிருந்து வந்தவைதானே.

இந்தப் பேச்சு கிளம்பியதற்குக் காரணம் உண்டு. விதையிலிருந்து வரும் மரத்துக்கு ஒரு சிறுபிராயம் இருக்கிறது. அந்தப் பருவத்தில் எவ்வளவு உரம் போட்டாலும், எவ்வளவு கொஞ்சினாலும் பூக்காது. மாவுக்கு அது 5 முதல் 8 வருடம், சில மரத்துக்கு 10கூட ஆகும். ஒட்டுக்கன்று இடுப்பளவு உயரத்திலேயே பூக்கிறதே என்று கேட்பீர்கள். அதில் கட்டியிருக்கும் கிளை ஏற்கெனவே காய்த்துக்கொண்டிருக்கும் மரத்திலிருந்து வெட்டி எடுத்தது. செடிக்கு வயது ஒன்று, கிளைக்கு வயது முப்பது. அதனால்தான் உடனே பூக்கிறது. இது தெரியாமல் நாலாம் வருடத்திலேயே பொறுமை இழந்து வெட்டிவிட்டு, "விதை மரம் காய்க்காது" என்று சொல்லிவிடுகிறார்கள்.

காய்க்கும் சரி, தின்ற பழத்தின் ருசி அப்படியே வருமா?

இதுதான் முக்கியமான கேள்வி. பதில் மரத்துக்கு மரம் மாறும்.

நீங்கள் தின்ற சதை தாய் மரத்தினுடையது. உள்ளே இருக்கும் விதையோ தாய்க்கும் எங்கிருந்தோ மகரந்தம் தந்த தகப்பனுக்கும் பிறந்த பிள்ளை. பிள்ளை தாய் மாதிரியே இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. இமாம்பசந்த் கொட்டையைப் போட்டால் இமாம்பசந்துக்குப் பிறந்த ஒரு மாமரம் வரும், இமாம்பசந்த் வராது. மல்கோவா, நீலம், பங்கனபள்ளி, செந்தூரம், கிளிமூக்கு, அல்போன்சா எல்லாவற்றுக்கும் இதே கதைதான். இவற்றின் கொட்டைக்குள் ஒரே ஒரு கரு. அது கலப்பில் பிறந்தது.

ஆனால் எல்லா மாவும் அப்படியில்லை. மேற்குக் கடற்கரை ஓரத்து மா ரகங்கள் சிலவற்றில் ஒரு கொட்டைக்குள் பல கருக்கள் இருக்கும். ஒலூர், குறுக்கன், சந்திரக்காரன், மூவாண்டன் ஆகியவை அந்த வகை. கேரள எல்லை ஓரம் இருக்கிறவர்களுக்கு இந்தப் பெயர்கள் தெரிந்திருக்கும். அந்தக் கருக்களில் ஒன்றுதான் கலப்பில் வந்தது. மற்றவை தாயின் திசுவிலிருந்தே நேராக உருவானவை, அதாவது தாயின் அச்சு. அந்த ரகங்களைக் கொட்டையில் எழுப்பினால் தாயின் பழமே கிடைக்கப் பெரும்பாலும் வாய்ப்புண்டு. கேரளத்தில் வீட்டுக்கு வீடு ஒட்டு இல்லாமலே நல்ல மாமரங்கள் நிற்பதற்கு இது ஒரு காரணம்.

அப்படியானால் எந்தெந்த மரங்களை விதையிலிருந்து நம்பி வளர்க்கலாம்?

எலுமிச்சையை நம்பி வளர்க்கலாம். பப்பாளிக்கு விதை தவிர வேறு வழியே பழக்கத்தில் இல்லை. சீத்தா பெரிதாக மாறாமல் வரும், நாலாம் வருடமே காய்க்கும். நாவலும் சரி. நாவல் விதையிலும் சிலவற்றில் பல கரு உண்டு. ஆனால் 8 முதல் 10 வருடம் காத்திருக்க வேண்டும், மரம் பெரிதாகப் போகும், பழம் விழுந்து தரையெல்லாம் நீலமாகும். வாசல் பக்கம் வைக்காதீர்கள்.

கொய்யா நடுத்தரம். காய்க்கும், சீக்கிரமே காய்க்கும், ருசி முன்னே பின்னே இருக்கும். மா, பலா, சப்போட்டா, நெல்லி நான்கும் விதையில் என்ன தரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. சப்போட்டா 6 முதல் 8 வருடம் இழுத்தடிக்கும், அதற்குமேல் பழம் சின்னதாகவும் வரலாம். சப்போட்டாவுக்கும் பெருநெல்லிக்கும் ஒட்டுக்கன்று வாங்கிவிடுங்கள் என்பதுதான் என் கருத்து. இடம் குறைவாக இருக்கிறவர்கள் இந்த இரண்டில் பரீட்சை செய்ய வேண்டாம்.

வாழை? அதற்கு விதையே இல்லை. பழத்தை நறுக்கினால் தெரியும் கறுப்புப் புள்ளிகள் விதையாகாமல் நின்றுபோனவை. பக்கக்கன்றுதான் வழி.

மாங்கொட்டையை எப்படி முளைக்க வைப்பது?

முதல் விதி: காயவிடாதீர்கள். நெல், கத்தரி, மிளகாய் விதை போல வெயிலில் உலர்த்தி டப்பாவில் போட்டு வைத்தால் மாங்கொட்டை செத்துவிடும். பழம் தின்ற வாரத்திலேயே போட்டால் நல்லது. ஒரு மாதத்துக்குமேல் போனால் பெரும்பாலும் வீண்.

நன்றாக மரத்தில் முற்றிய பழமாக இருக்க வேண்டும். சதையை வழித்துக் கழுவி, நாரைத் தேங்காய் நாரால் தேய்த்து எடுங்கள். வழவழப்பு போக நிழலில் ஒரு நாள் போதும். பிறகு ஓட்டைத் திறக்க வேண்டும். கொட்டையின் ஓரத்தைச் செடி வெட்டும் கத்தரியாலோ பழைய பாக்குவெட்டியாலோ கொஞ்சம் நறுக்கி, இரண்டு கையாலும் பிரித்தால் ஓடு விரிந்துவிடும். உள்ளே அவரைப் பருப்பு மாதிரிப் பெரிய பருப்பு. வெட்டுவாய் பருப்பில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஓட்டைத் திறப்பதில் இரண்டு லாபம். ஓட்டோடு போட்டால் மூன்று நாலு வாரம் ஆவது, பருப்பாகப் போட்டால் இரண்டு வாரத்தில் முளைக்கும். இரண்டாவது, உள்ளே வண்டு இருந்தால் அப்போதே தெரிந்துவிடும். மாங்கொட்டை வண்டு காய் பிஞ்சாக இருக்கும்போதே உள்ளே போய், பருப்பைத் தின்று அங்கேயே வளரும். வெளியே பழத்தில் ஓர் அடையாளமும் இருக்காது. திறந்து பார்த்தால் கறுப்புத் தூளும் ஒரு வண்டும் இருக்கும். எங்கள் வீட்டில் ஒரு வருடம் பன்னிரண்டு கொட்டை திறந்ததில் ஐந்தில் வண்டு இருந்தது. அப்படிப்பட்டதைக் குப்பையில் எறியாமல் வண்டை நசுக்கிவிடுங்கள், அடுத்த வருடக் காய்க்கு அதுவே எதிரி.

பருப்பைப் படுக்கவைத்து, ஒரு விரல்கடை மண் மூடினால் போதும். வேர் ஏற்கெனவே எட்டிப் பார்த்திருந்தால் அது கீழ்நோக்கி இருக்கட்டும். ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள், சொதசொதவென்று ஊற்றவும் வேண்டாம். முதல் இலைகள் செம்புநிறத்தில் துவண்டு தொங்கும். நோய் என்று பயந்துவிடாதீர்கள், பத்து நாளில் பச்சையாகி நிமிர்ந்துவிடும்.

ஒரே கொட்டையிலிருந்து மூன்று முளை வந்திருக்கிறது. எதை வைப்பது?

உங்களுக்குக் கிடைத்தது பல கரு ரகம், சந்தோஷப்படுங்கள். எல்லாவற்றிலும் நோஞ்சானாக இருப்பதையும், மற்றவற்றோடு சேராமல் இலை வடிவமே வேறாக இருப்பதையும் எடுத்துவிடுங்கள். கலப்பில் வந்தது பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும். ஒன்றுபோல வளர்கிறவை தாயின் அச்சு. நாலு இலை வந்தபிறகு மெதுவாகப் பிரித்துத் தனித்தனிப் பையில் வைக்கலாம். எலுமிச்சையிலும் இதே கணக்குத்தான்.

எலுமிச்சை விதை போட்டால் எத்தனை வருடம்?

4 அல்லது 5. எலுமிச்சை நகரம் என்று பெயர் வாங்கிய புளியங்குடிப் பக்கமெல்லாம் தோட்டம் தோட்டமாக நிற்கிறதே, அவற்றில் பெரும்பாலும் விதை நாற்றுதான். விதைக்குள் பல கரு இருப்பதால் தாயின் குணம் தவறுவதில்லை, ஒட்டுக் கட்டும் செலவு எதற்கு என்று வியாபாரிகளே விதையில் வளர்க்கிறார்கள்.

காய் பறிப்பதில் கவனம் வேண்டும். ஊறுகாய்க்குப் பச்சையாகப் பறித்த காயின் விதை வேண்டாம். மரத்திலேயே மஞ்சளாகப் பழுத்த பெரிய பழம், சாறு அதிகமுள்ள மரம், வருடம் முழுக்கக் காய்க்கும் மரம் என்று தேடி எடுங்கள். சாறு பிழிந்தவுடன் விதையைக் கழுவி, சாம்பலில் புரட்டி, அன்றே போட்டுவிடுங்கள். காய்ந்தால் முளைப்பு போய்விடும்.

விதைச் செடியில் முள் அதிகம், ஒட்டுச் செடியைவிட நீளமாகவே இருக்கும். மரம் முதிர்ந்தால் புதுக் கிளைகளில் முள் குறையும். குழந்தைகள் ஓடும் பாதையில் வைக்காதீர்கள்.

இன்னொன்று. இளஞ்செடியில் பறவை எச்சம் மாதிரி ஒரு புழு ஒட்டிக்கொண்டிருக்கும். அருகில் போய்ப் பார்த்தால்தான் புழு என்றே தெரியும். எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் புழு அது. வளர வளரப் பச்சையாக மாறும். ஒரு அடி உயரச் செடியை இரண்டு நாளில் மொட்டையடித்துவிடும். காலையில் கையால் எடுத்துப் பக்கத்தில் கறிவேப்பிலை மரமிருந்தால் அதில் விட்டுவிடுங்கள், அங்கேயும் தின்று வளர்ந்து பறந்துபோகும். பெரிய மரத்துக்கு ஆகிற கெடுதல் ஒன்றுமில்லை.

பப்பாளி ஐந்து வைத்தேன், மூன்று ஆணாகப் போய்விட்டது. இதைத் தவிர்க்க முடியுமா?

முடியும். எந்தப் பழத்திலிருந்து விதை எடுக்கிறீர்கள் என்பதில் இருக்கிறது.

பப்பாளியில் மூன்று வகை மரம்: ஆண், பெண், இருபால் மரம். ஆண் மரத்தில் பூ நீளமான காம்பில் கொத்தாகத் தொங்கும். பெண் பூ தண்டோடு ஒட்டி, அடி குண்டாக இருக்கும், பழம் உருண்டையாக வரும். இருபால் மரத்தின் பழம் நீளமாக, பேரிக்காயை இழுத்தது போல இருக்கும், விதை குழி சின்னது, சதை அதிகம். கடையில் விற்கும் நீளமான சிவப்புப் பழமெல்லாம் பெரும்பாலும் இருபால் மரத்துடையது.

நீளப் பழத்தின் விதை தன் மகரந்தத்தாலேயே உண்டானது என்றால், மூன்றில் இரண்டு இருபால் மரமும் ஒன்று பெண் மரமும் வரும். ஆண் வராது. உருண்டைப் பழத்துக்குப் பக்கத்துத் தோட்டத்து ஆண் மரம் மகரந்தம் தந்திருந்தால், பாதிக்குப் பாதி ஆண்தான். ஆகவே நீளப் பழமாகப் பார்த்து எடுங்கள். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் கோ.3, கோ.7 இரண்டும் இந்த இருபால் வகை. கோ.2, கோ.8 ஆண் பெண் தனித்தனி வகை, அதற்கு இருபது மரத்துக்கு ஓர் ஆண் விட்டால் போதும்.

ரெட் லேடி பழத்து விதை போடலாமா என்று கேட்பார்கள். அது தைவானிலிருந்து வந்த வீரிய ஒட்டு ரகம், அதாவது கிளை ஒட்டுக் கட்டியது அல்ல, இரண்டு வகைகளைக் கலந்து உண்டாக்கிய விதை. விதை முளைக்கும், காய்க்கும், ஆனால் அடுத்த தலைமுறை ஒன்றுபோல இருக்காது. ஒரு மரம் அருமையாக இருக்கும், பக்கத்து மரம் சப்பென்று இருக்கும். வீட்டுக்கு நாலு மரம் வைக்கிறவர்கள் தாராளமாகப் போடலாம், பத்து மாதத்தில் பழம் தருகிற மரத்தில் சோதித்துப் பார்ப்பதற்கு என்ன நஷ்டம்.

விதையைச் சுற்றி வழுவழுவென்று ஒரு பை இருக்கும். அது முளைப்பைத் தடுக்கும். சாம்பலோ மணலோ சேர்த்துத் தேய்த்து, அந்தப் பை உடைந்து போகும்வரை கழுவி, நிழலில் உலர்த்துங்கள். தண்ணீரில் மிதப்பதைத் தள்ளிவிடுங்கள். ஒரு பையில் மூன்று நாலு விதை. இரண்டு மாத நாற்றை ஒரு குழிக்கு மூன்று வீதம் வைத்து, பூ வந்தபின் வேண்டியதை மட்டும் விட்டு மற்றதை வெட்டுங்கள். பூக்குமுன் இலையைப் பார்த்து ஆண் பெண் சொல்கிறவர்களை நம்பாதீர்கள். குழிக்குக் குழி ஆறடி இடைவெளி போதும், தண்ணீர் மட்டும் அடியில் தேங்கக் கூடாது. ஒரு நாள் தேங்கினாலும் அடித்தண்டு அழுகிவிடும்.

பலாக்கொட்டை?

ஒரு பழத்தில் நூறு கொட்டை இருக்கும், நூறும் நூறு விதமான மரம். பலாவில் மகரந்தம் மரம் விட்டு மரம் போவதால் இப்படி. ஒன்றில் தேன் போலச் சுளை, இன்னொன்றில் கூழ் போலச் சுளை. பண்ருட்டிப் பழம் தின்றுவிட்டு அந்தக் கொட்டையைப் போட்டு அதே பழம் எதிர்பார்க்க முடியாது. பண்ருட்டிப் பக்கத்துப் பணிக்கன்குப்பம் பலாவிலிருந்து தேர்ந்தெடுத்ததுதான் பாலூர் 1 ரகம். அதை வேண்டுகிறவர்கள் ஒட்டுக்கன்றுதான் வாங்க வேண்டும்.

ஆனாலும் இடம் இருக்கிறவர்களுக்குப் பலாவை விதையில் வைக்கச் சொல்வேன். ஆணிவேர் நேராக இறங்கிய பலா காற்றில் எளிதில் சாயாது, கோடையில் எளிதில் வாடாது. கொட்டையைக் காயவிடாமல், நிரந்தரமாக நிற்க வேண்டிய இடத்திலேயே மூன்று கொட்டை போட்டு, நல்ல ஒன்றை விட்டு மற்றதைக் கிள்ளுங்கள். ஆணிவேர் அடிபட்டால் பலா பொறுக்காது. 7, 8 வருடம் ஆகும்.

இடம் இருக்கிறவர்களுக்கு என்று அழுத்திச் சொல்கிறேன். நாங்கள் முதல் பலாவைச் சுற்றுச்சுவரிலிருந்து ஐந்தடி தள்ளி வைத்தோம். ஆறாம் வருடம் சுவரில் விரிசல் விழுந்தது, பக்கத்து வீட்டு மாடிவரை கிளை போனது. இன்னும் இரண்டு வருடத்தில் காய்க்கப் போகிற மரத்தை வெட்டினோம். வெட்டிய அன்று வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. அதனால்தான் சொல்கிறேன், அளந்து வையுங்கள்.

எவ்வளவு இடைவெளி விட வேண்டும்?

விதை மரம் ஒட்டு மரத்தைவிடப் பெரிதாகும். மா, நாவல் 30 அடி. பலா 25 அடி. எலுமிச்சை, கொய்யா 15 முதல் 18 அடி. சீத்தா 12 முதல் 15. சுவரிலிருந்து இதில் பாதியாவது தள்ளி இருக்கட்டும். கழிவுநீர்த் தொட்டி, தண்ணீர்த் தொட்டி, மின்கம்பி மூன்றையும் முதலில் பார்த்துவிட்டுக் குழி தோண்டுங்கள்.

சீத்தாப்பழ விதை போட்டு ஒரு மாதம் ஆகிவிட்டது, முளைக்கவே இல்லையே?

பையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். சீத்தா விதைத்தோல் கடினம். இரண்டு மாதம்கூட எடுத்துக்கொள்ளும். மாங்கொட்டைக்கு நேர் எதிர் குணம் இதற்கு: காய்ந்தாலும் சாகாது, வருடக்கணக்கில் டப்பாவில் இருந்தாலும் முளைக்கும். போடுமுன் விதையின் ஓரத்தைச் சொரசொரப்பான தரையில் லேசாகத் தேய்த்து, ஒரு நாள் தண்ணீரில் ஊறவைத்தால் சீக்கிரம் வரும்.

ஓர் எச்சரிக்கை. சீத்தா விதைப் பருப்பு நஞ்சு. பேன் போக இதை அரைத்துத் தலையில் தேய்க்கும் பழக்கம் ஊர்ப்பக்கம் உண்டு. கண்ணில் பட்டால் கண் புண்ணாகிவிடும், பார்வையே பாதிக்கும். அந்த வைத்தியம் வேண்டவே வேண்டாம். தேய்த்த கையையும் கழுவிவிடுங்கள்.

கொய்யா?

ஆயக்குடிக் கொய்யா எங்களுக்குப் பக்கத்து ஊர்ச் சரக்கு. அங்கே தோட்டக்காரர்கள் பதியன் போட்டே வளர்க்கிறார்கள், ருசி மாறக் கூடாதே என்று. விதை போட விரும்பினால் நல்ல கனிந்த பழத்து விதையை இரண்டு நாள் ஊறவைத்து, மேலாகத் தூவி, மெல்லிய மண் மூடுங்கள். மூன்று வாரத்திலிருந்து வரத் தொடங்கும். 3 முதல் 5 வருடத்தில் காய்க்கும். தோட்டத்தில் பறவை எச்சத்தில் தானாக முளைத்த கொய்யாவைப் பிடுங்க வேண்டாம். எங்களிடம் இருக்கிற இரண்டில் ஒன்று அப்படி வந்ததுதான், உள்ளே இளஞ்சிவப்பு, வாசம் அறையை நிறைக்கும்.

நாற்றுக்கு என்ன மண்? பையா, நேரடியாக நிலமா?

செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மக்கிய தொழு உரம் ஒரு பங்கு. தொழு உரம் முழுக்க மக்கியிருக்க வேண்டும், பச்சைச் சாணம் வேரைச் சுடும், கரையானையும் கூட்டிவரும். ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்குத் தூள் சேர்த்தால் நல்லது.

பை அரையடி அகலமும் ஓரடி உயரமும் இருக்கட்டும். மா, பலா, நாவல் மூன்றும் ஆணிவேரை வேகமாக இறக்கும். சின்னக் கப்பில் வைத்தால் வேர் அடியில் சுருண்டுகொள்ளும். அந்தச் சுருளோடு நிலத்தில் வைத்த மரம் பல வருடம் கழித்துக் காற்றில் சாயும். நடும்போது பையைக் கிழித்துப் பார்த்து, சுருண்ட வேர் நுனியைக் கத்தரித்துவிடுங்கள்.

தண்ணீர் வசதியும் வேலியும் இருந்தால் மா, பலாவை நேரடியாக நிலத்தில் போடுவதே மேல். வேலி இல்லையென்றால் முதல் வாரமே ஆடு தின்றுவிடும்.

முளைத்த நாற்று அடியில் கறுத்துச் சாய்ந்து விழுகிறது.

நாற்றழுகல். பூசணம் செய்யும் வேலை. ஈரம் அதிகம், காற்றோட்டம் குறைவு, நெருக்கம், மூன்றும் சேர்ந்தால் வரும். பப்பாளியில் அதிகம் பார்க்கலாம். விழுந்ததைப் பிடுங்கி எறிந்துவிட்டு, தண்ணீரைக் காலையில் மட்டும் ஊற்றுங்கள். மண் கலக்கும்போதே டிரைக்கோடெர்மா விரிடி (நோய்ப் பூசணத்தை அடக்கும் நல்ல பூசணம்) சேர்த்துவிட்டால் பெரும்பாலும் வராது. உரக்கடையில் கிடைக்கும், விலையும் அதிகமில்லை.

எப்போது நிலத்தில் நடுவது?

ஆடிப்பட்டம் தேடி விதை என்பது பழமரத்துக்கும் பொருந்தும், ஆனால் நம் பக்கம் பெரிய மழை ஐப்பசி, கார்த்திகையில்தான். ஆவணி, புரட்டாசியில் நட்டால் மழைக்குமுன் வேர் பிடித்துவிடும். மூன்றடிக்கு மூன்றடி குழி, மூன்றடி ஆழம். இரண்டு வாரம் வெயிலில் ஆறவிட்டு, மேல்மண்ணோடு பத்துக் கிலோ தொழு உரம், ஒரு கிலோ வேப்பம்புண்ணாக்கு கலந்து மூடுங்கள். முதல் இரண்டு கோடையையும் தாண்டிவிட்டால் மரம் தன்னைப் பார்த்துக்கொள்ளும். அந்த இரண்டு கோடையிலும் செடியைச் சுற்றி வைக்கோல், சருகு மூடாக்குப் போடுங்கள், தண்டை மட்டும் தொடாமல்.

மொட்டை மாடியில் தொட்டியில் விதை மரம் வைக்கலாமா?

எலுமிச்சை, கொய்யா, சீத்தா, பப்பாளி வைக்கலாம், 200 லிட்டர் டிரம்மைப் பாதியாக வெட்டியது போதும். மா, பலா, நாவலை விதையில் எழுப்பித் தொட்டியில் வைக்காதீர்கள். மாடிக்கு ஒட்டுக்கன்றே சரி.

எட்டு வருடமாகியும் மாமரம் பூக்கவில்லை. ஆணி அடிக்கச் சொல்கிறார்கள்.

அடிக்காதீர்கள். மரத்தைக் கொத்துவதும் ஆணி அடிப்பதும் தண்டுத் துளைப்பானுக்கும் பூசணத்துக்கும் வாசல் திறந்துவிடும். நாலு விஷயத்தைப் பாருங்கள். ஒருநாளைக்கு ஆறு மணி நேரமாவது நேர் வெயில் படுகிறதா? பாத்திரம் கழுவும் தண்ணீரும் குளியலறைத் தண்ணீரும் வருடம் முழுக்க அதன் அடியில் ஓடுகிறதா? யூரியாவோ சாணமோ அளவுக்குமேல் போட்டு இலையாகவே தள்ளுகிறதா? நடுக்கிளை நெருங்கி இருண்டு கிடக்கிறதா?

மாவுக்கு ஓய்வு வேண்டும். கார்த்திகை மழை ஓய்ந்தபிறகு, பூ வந்து பிஞ்சு பட்டாணி அளவு ஆகும்வரை தண்ணீரை நிறுத்துங்கள். எங்கள் வீட்டு மாமரம் ஒன்று ஒன்பதாம் வருடத் தையில்தான் முதல் பூ விட்டது, அதுவும் குளியலறைத் தண்ணீரை வேறு பக்கம் திருப்பிய பிறகு.

விதைச் செடியில் நானே ஒட்டுக் கட்ட முடியுமா?

முடியும், செலவில்லாமல் நல்ல மரம் பெற இதுதான் சிறந்த வழி. கொட்டையிலிருந்து வந்த செடி வேரைத் தரட்டும், பிடித்த மரத்தின் கிளை பழத்தைத் தரட்டும்.

மாவுக்கு எளிய முறை இளந்தண்டு ஒட்டு. முளைத்துப் பத்துப் பதினைந்து நாள் ஆன, தண்டு இன்னும் செம்புநிறமாக இருக்கும் நாற்று வேண்டும். தேர்ந்தெடுத்த மரத்தில் மூன்று நாலு மாத வயதுள்ள நுனிக் கிளையில், ஒரு வாரம் முன்பே இலைகளைக் காம்பு விட்டு வெட்டிவிடுங்கள். அந்த ஒரு வாரத்தில் நுனி மொட்டு பருத்து வரும். நாற்றை நாலு விரல் உயரத்தில் வெட்டி, நடுவே ஓர் அங்குலம் பிளந்து, கிளையின் அடியை ஆப்பு மாதிரிச் சீவிச் செருகி, பாலித்தீன் நாடாவால் இறுக்கமாகச் சுற்றுங்கள். மேலே மெல்லிய பாலித்தீன் உறை ஒன்று. நிழலில் வைத்தால் மூன்று வாரத்தில் மொட்டு விரியும். ஆனி முதல் ஆவணிவரை ஈரக்காற்று உள்ள நாள்கள் ஏற்றவை. பிளேடு புதிதாக இருக்க வேண்டும், வெட்டிய முகத்தில் விரல் படக் கூடாது. முதலில் பத்து கட்டினால் மூன்று பிடிக்கும், அடுத்த வருடம் ஏழு பிடிக்கும்.

பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி மாதிரி இடத்துக்குப் போய், ஒட்டுக் கட்டுகிறவர்களின் கையை ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தால், எழுத்தில் புரியாதது புரிந்துவிடும்.

அவகாடோ, பேரீச்சை, ஆப்பிள், ரம்புத்தான் விதைகளைப் போடலாமா?

அவகாடோ தண்ணீர்க் கிளாசில் அழகாக முளைக்கும். கொடைக்கானல் கீழ்மலை, தாண்டிக்குடி, தடியன்குடிசைப் பக்கம் காப்பித் தோட்டங்களில் நன்றாக வருகிறது. சமவெளிச் சூட்டில் இலை கருகும். பேரீச்சை முளைப்பது சுலபம், ஆனால் பாதி ஆண் மரம், பழுக்கும் நேரத்தில் மழை பட்டால் பழம் அழுகும். ஆப்பிள் குளிர் கேட்கும் மரம், சமவெளியில் வேண்டாம். ரம்புத்தானும் விதையில் பாதிக்குப் பாதி ஆணாகப் போகலாம். குற்றாலம், பர்லியார் போல ஈரமும் நிழலும் உள்ள இடத்துக்காரர்கள் மங்குஸ்தான் போடலாம். அதன் விதை மகரந்தச் சேர்க்கை இல்லாமலே உண்டாவது, அதனால் தாய் எப்படியோ பிள்ளை அப்படி. பத்து வருடம் ஆகலாம், விதையைச் சில நாளுக்குள் போட்டுவிட வேண்டும்.

இவ்வளவு நிச்சயமில்லாத வேலையை ஏன் செய்ய வேண்டும்? ஒட்டுக்கன்று வாங்கிவிடலாமே?

வாங்குங்கள். நாங்களும் வாங்கியிருக்கிறோம். ஒரே ஒரு மரத்துக்குத்தான் இடம் என்றால் ஒட்டுக்கன்றே வையுங்கள்.

ஆனால் இன்று பெயர் சொல்லி வாங்குகிற மா ரகங்களில் பெரும்பாலானவை யாரோ ஒருவர் தோட்டத்தில் கொட்டையில் முளைத்த ஒரு மரத்திலிருந்து வந்தவை. லக்னோ அருகே தசேரி என்ற ஊரில் அந்த ரகத்தின் தாய் மரம் இன்றும் நிற்கிறது. உலகம் முழுக்க விற்கும் ஹாஸ் அவகாடோவும் அப்படித்தான். கலிபோர்னியாவில் ருடால்ஃப் ஹாஸ் என்ற தபால்காரர் விதை வாங்கிப் போட்டு, வேறு ரகத்தை ஒட்டுக் கட்டப் பார்த்தார், அந்த ஒரு செடியில் மட்டும் ஒட்டுப் பிடிக்கவேயில்லை. வெட்டிவிட நினைத்து விட்டுவைத்தார். 1935இல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். எல்லோரும் ஒட்டுக்கன்று மட்டுமே வைத்தால் புது ரகம் எங்கிருந்து வரும்? வீட்டுக்குப் பின்னால் ஒரு விதை மரம் நிற்க இடமிருக்கிற சிலராவது அதைச் செய்ய வேண்டும் என்று உண்மையாகவே நினைக்கிறேன்.

பத்து வருடம் காத்திருந்து பழம் புளித்தால்?

வேரோடு தோண்டாதீர்கள், அது பத்து வருடத்து வேர். முதலில் இரண்டு மூன்று வருடம் காய்க்கவிடுங்கள், முதல் காய்ப்பின் ருசியை வைத்து முடிவு செய்ய முடியாது. அப்புறமும் புளித்தால் ஊறுகாய்க்கு விடலாம். எங்கள் வீட்டில் குளியலறைத் தண்ணீர் குடித்து நின்ற அந்த மரம் கடும் புளிப்புத்தான், என் அத்தை வருடா வருடம் ஆவக்காய்க்கும் மாவடுக்கும் அதைத்தான் கேட்டு வாங்கிப்போகிறார். பழம்தான் வேண்டும் என்றால், மழை தொடங்கும்முன் மரத்தை இடுப்பு உயரத்தில் வெட்டுங்கள், நிழலுக்கு ஒரு கிளையை மட்டும் விட்டு. ஓரிரு மாதத்தில் வெட்டுவாயைச் சுற்றித் தளிர் வெடிக்கும். வலுவான நாலு தளிரை விட்டு மற்றதைக் கிள்ளிவிட்டு, அந்த நாலிலும் பிடித்த ரகத்தை ஒட்டுக் கட்டுங்கள். இறங்கி வேலை செய்யும் வேர் ஏற்கெனவே கீழே இருப்பதால், இரண்டு மூன்று வருடத்தில் புதுக் கிளையில் பழம் பார்க்கலாம். பழைய கிளையை அப்போது எடுத்துவிடலாம், அல்லது ஊறுகாய்க்கு என்று விட்டும் வைக்கலாம்.